சிவப்புச்சீட்டு அக்காவின் ஈரல்

பம்பு மோட்டார் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர் ரூமுக்கு ஒரே ஒரு கம்பிவலை ஜன்னல். பத்தொன்பது வருஷமாக அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவள் கையெழுத்துப் போடாமல் ஒரு திருகாணிகூட உள்ளே போக முடியாது. வந்த சரக்கை பில்லோடு ஒப்பிட்டு எண்ணுவாள். பெட்டிக்குப் பத்து உருப்படி எடுத்து வெர்னியர் அளவுகோலில் வைத்து அளப்பாள். முடியளவு பிசகினாலும் பெட்டியில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி வாசல் பக்கம் தள்ளிவிடுவாள். சரக்கு கொண்டுவந்தவர்கள் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள், முறைத்துப் பார்த்திருக்கிறார்கள், மேனேஜர் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவளிடம் யாருடைய பருப்பும் வேகவில்லை. அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் எல்லாரும் அவளைச் சிவப்புச்சீட்டு என்றார்கள். எட்டுகிற தூரத்தில் சிவப்புச்சீட்டு அக்கா என்றார்கள்.

அளக்க முடிந்ததைத்தான் அளக்க முடியும். ரப்பர் வளையத்துக்குள் என்ன ரப்பர், கிரீஸ் டப்பாவுக்குள் என்ன எண்ணெய் என்று வெர்னியர் சொல்லாது. அந்த மாதிரிச் சரக்குக்கு ஸ்டோரில் வேறு வழக்கம். பரிசோதனைக்கூடத்துச் சான்றிதழ் கூடவே வந்திருக்க வேண்டும், அதிலுள்ள பேட்ச் எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, கீழே கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். எல்லாம் இருந்தால் பச்சைச் சீட்டு. பத்தொன்பது வருஷத்தில் இந்த வழக்கம் அவளை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. அவளுக்கு அவ்வளவு வாய் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவளுக்கு ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் தொந்தி, கொஞ்சம் சர்க்கரை. ஒரு நாள் காலையில் ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ரத்த வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் சுருங்கி, முண்டும் முடிச்சுமாகக் கிடந்தது.

தெரு உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. ஈரல் கெட்டால் குடிகாரன்தான், வேறென்ன. எதிர்வீட்டு வாத்தியார் மட்டும் தைரியமாக அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"உங்க தம்பி குடியை எப்பவோ விட்டிருக்கலாமே. பாவம், சின்னப் பிள்ளைங்க வேற."

"அவன் குடிச்சதே இல்லை சார். பாட்டில் கழுத்து எந்தப் பக்கம் இருக்கும்னுகூட அவனுக்குத் தெரியாது."

"இல்லை, ஊர்ல பேசிக்கறாங்க..."

"ஊர் பேசட்டும். நீங்க தினமும் சாயங்காலம் பையில மறைச்சு எடுத்துட்டுப் போறீங்களே, உங்க ஈரல் நல்லா இருக்கு. அவன் ஈரல் கெட்டுப்போச்சு. கணக்கு வாத்தியார் நீங்க, இதுக்கு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து அவர் தெருவின் அந்த ஓரமாகவே நடக்கிறார்.

டாக்டர் சொன்னது வேறு. கல்லீரலில் கொழுப்பு படிந்து, வருஷக்கணக்காக உள்ளே புண்ணாகித் தழும்பேறி, கடைசியில் சுருங்கிப் போயிருக்கிறது. குடிக்காதவர்களுக்கும் இது வரும். இனி அந்த ஈரல் தேறாது. வேறு ஈரல் வைக்க வேண்டும். சொந்தக்காரர் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பாதியைத் தந்தால் போதும், தந்தவருக்கு மிச்சம் தானாக வளர்ந்துவிடும். தம்பி பெண்டாட்டிக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. அக்காவுக்கு ஒத்துவந்தது. டாக்டர் அபாயங்களைச் சொல்ல ஆரம்பித்து மூன்றாவது அபாயத்துக்கு வருவதற்குள், "என்னோடதை எடுத்துக்குங்க" என்றாள் அவள்.

கட்டிலில் கிடந்த தம்பி தலையைத் தூக்கினான். "வேண்டாங்க்கா. உனக்குக் குடும்பம் இருக்கு."

"உன்னை யாருடா கேட்டா?"

"என் உடம்புக்குள்ள வைக்கப்போறாங்க, என்னைக் கேக்க வேண்டாமா?"

"வேண்டாம். படு."

அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர், அதிகம் பேசாத மனுஷர். அன்று வீட்டுக்கு வரும் வழியில் "பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். "எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக?" என்றாள் அவள்.

பரிசோதனை முடிவு வந்த அன்றுதான் அவளுக்கு முதல் அடி விழுந்தது. கொடுக்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இருந்தாள். வெடுக்கென்று பேசுவாள், பொய் பேசமாட்டாள். சிவப்புச்சீட்டுக்கு அவளைப் பார்த்தவுடன் பிடித்துப்போனது.

"உங்க ஈரல்லயும் கொழுப்பு இருக்கும்மா. நூத்துக்கு இருபத்தெட்டு. இதை எடுத்து வெச்சா அவருக்கும் வேலை செய்யாது, உங்களுக்கு மிஞ்சினதும் தாங்காது. உங்க தம்பி போன பாதையிலதான் நீங்களும் போய்ட்டிருக்கீங்க. அவர் பத்து வருஷம் முன்னால போய்ட்டார், அவ்வளவுதான்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தேழு வயதுவரை தலைவலி மாத்திரைகூட அதிகம் போடாத உடம்பு. அந்த உடம்பை நம்பித்தான் அவள் தம்பியிடம் அவ்வளவு வீறாப்பாகப் பேசியிருந்தாள்.

"குறைக்க முடியுமா?"

"எட்டு வாரம் தரேன். ஏழு கிலோ இறக்கணும். தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடக்கணும். சர்க்கரை, பொரிச்சது, பாட்டில் ஜூஸ் எதுவும் கிடையாது. சோத்தைப் பாதியாக்கிக் காயை ரெண்டு மடங்காக்குங்க. வேற எதைச் சாப்பிடறதா இருந்தாலும், பொடியோ மாத்திரையோ, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாப்பிடுங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியாகச் சொன்னதற்கும் ஆட்டினாள். ஆனால் ஒரு சரக்கை வாங்கலாமா வேண்டாமா என்று இன்னொருத்தரிடம் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வந்த வினையெல்லாம் இதிலிருந்து வந்தது.

விஷயம் வெளியே தெரிந்ததும் வீடு தேடிச் சரக்கு வர ஆரம்பித்தது. ஈரல் என்று ஒரு உறுப்பு இருப்பதே அதுவரை தெரியாதவர்களெல்லாம் ஈரலுக்கு வைத்தியம் சொன்னார்கள். முதலில் வந்தவள் நாத்தனார், வீட்டுக்காரருடைய அக்கா. உடம்பு இளைக்கும் பொடி விற்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்து, தனக்குக் கீழே ஏழு பேரைச் சேர்த்துவிட்டு, எட்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். பெரிய டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"காலையில ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. கொழுப்பு அப்படியே கரைஞ்சு ஓடிடும். ஈரலைக் கழுவி விட்ட மாதிரி ஆக்கிடும்."

"கழுவின தண்ணி எது வழியா வெளிய போகும் அண்ணி?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா எல்லாமே இயற்கை."

"அரளி விதையும் இயற்கைதான் அண்ணி."

நாத்தனார் கைப்பையிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்தாள். ஒன்றில் தொந்தியோடு ஒரு ஆள். இன்னொன்றில் அதே ஆள், அதே அறை, தொந்தி இல்லை. ஒரே மாதத்தில் ஒன்பது கிலோ என்று கீழே அச்சடித்திருந்தது. சிவப்புச்சீட்டு இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு மாசம் ஆயிருக்கு, சுவத்துல காலண்டர் தாள் மட்டும் மாறவே இல்லையே. பாருங்க, ரெண்டுலயும் அதே பன்னெண்டாம் தேதி. மூச்சை இழுத்துப் பிடிச்சு வயித்தை உள்ள தள்ளிட்டு நிக்கறான், கழுத்து நரம்பு தெரியுது."

"உனக்கு எதைச் சொன்னாலும் ஒரு நொள்ளை."

டப்பாவில் பதினாறு மூலிகை என்று போட்டிருந்தது, மொத்தம் இவ்வளவு எடை என்றும் போட்டிருந்தது. எதில் எவ்வளவு என்று போடவில்லை. 'தனிச் சிறப்புக் கலவை' என்று மட்டும் இருந்தது. "உள்ள என்னன்னு பிரிச்சுச் சொல்லாம மொத்தமா எடை போட்டு வந்த பில்லை நான் இன்னிவரைக்கும் ஏத்துக்கிட்டதில்லை" என்றாள். மேஜை இழுப்பறையைத் திறந்து, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்த கட்டிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டைக் கிழித்து, டப்பா மூடியில் கட்டி, நாத்தனார் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இரண்டு வாரம் நாத்தனார் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு முட்செடியின் விதையிலிருந்து எடுத்த மாத்திரை கொடுத்தாள். ஈரலுக்குக் காலங்காலமாகத் தருகிறார்களாம். கெடுதல் இல்லை என்றாள். "கெடுதல் இல்லைங்கறது வேற, குணமாக்கும்ங்கறது வேற. எனக்கு ரெண்டாவதுதான் வேணும், அதை யாராவது சோதிச்சு நிரூபிச்சாங்களா?" என்று கேட்டு அதற்கும் ஒரு சீட்டு. வீட்டுக்காரரின் சிநேகிதர் கொடுத்த பாட்டிலில் முன்பக்கம் யானை எழுத்தில் 'கொழுப்புக்கு முடிவு', பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல'. எறும்பை மட்டும் உரக்கப் படித்துக்காட்டி அனுப்பிவைத்தாள். ஒரு மாத்திரை டப்பாவைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் நுண்தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தாள். ஐந்நூறு மில்லிகிராம் என்று போட்டிருந்தது. ஒன்று முந்நூற்றெண்பது, அடுத்தது அறுநூற்றுப் பத்து. திருகாணி செய்கிறவன் இப்படிச் செய்தால் அவனை வாசலிலேயே நிறுத்திவிடுவேன், இவன் வயிற்றுக்குள் போகிறதை இப்படிச் செய்கிறானே என்று அன்று முழுக்க ஸ்டோரில் பொரிந்து தள்ளினாள். இரண்டு ஃபோர்மேன்கள் பயந்துபோய் வீட்டில் இருந்த சத்து மாத்திரைகளைக் கொண்டுவந்து அவளிடம் சோதனைக்குக் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் அவள் நடந்தாள். காலையில் தெருவில், மதியம் தொழிற்சாலைச் சுற்றுச்சுவரை ஒட்டி. பசி வயிற்றைப் பிறாண்டியது. பேக்கரியிலிருந்து வரும் வீட்டுக்காரர் சட்டையில் வெண்ணெய் வாசனை அடிக்கும். ஒரு நாள் அவரை வாசலிலேயே நிறுத்தி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னாள். நாலு வாரத்தில் நாலு கிலோ இறங்கியது. பிறகு எடை மெஷினின் முள் அசையவில்லை. பன்னிரண்டு நாள் அதே இடத்தில் நின்றது.

அந்தப் பன்னிரண்டு நாளில் தம்பிக்கு வயிற்றில் நீர் கட்டி, இரண்டு தடவை ஊசி போட்டு இறக்கினார்கள். ஒரு மதியம் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். "அண்ணி, அவர் என் பேரை மறந்துட்டார். சின்னவளைப் பார்த்து யாருன்னு கேட்டார்." ஈரல் சுத்தம் செய்யாத அழுக்கு மூளைக்கு ஏறுகிறதாம், மருந்து கொடுத்து சாயங்காலத்துக்குள் சரியாக்கினார்கள். ஆனால் அந்த மதியம் சிவப்புச்சீட்டு கம்பிவலை ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். வெளியே சரக்கு வண்டிக்காரர் ஒருவர் அரை மணி நேரம் சத்தம் போடாமல் காத்திருந்தார். அவருக்கும் என்னமோ புரிந்திருக்க வேண்டும்.

அன்று வீட்டுக்காரர் ஒரு குப்பியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பச்சைத் தேயிலையின் சாற்றை வற்றவைத்து அடைத்த மாத்திரைகள். கொழுப்பைக் குறைக்கும், கல்லீரலைக் காக்கும் என்றது லேபிள். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். எண்ணினாள், அறுபது என்று போட்டு அறுபது இருந்தது. மறுநாள் நிறுத்தாள்; ஒன்றுக்கொன்று பிசகவே இல்லை. எது எத்தனை மில்லிகிராம் என்று வரிவரியாகப் போட்டிருந்தது. கூடவே பரிசோதனைக்கூடத்துச் சான்றிதழ்: ஈயம் இல்லை, பாதரசம் இல்லை, கிருமி இல்லை, சொன்ன சாறு சொன்ன அளவு இருக்கிறது. பேட்ச் எண் பொருந்தியது. தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன.

தேயிலைதானே, என்றும் ஒரு எண்ணம் ஓடியது. நாத்தனார் சொல்லியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருக்கக்கூடிய எண்ணம். அவளே நினைத்ததால் அது கண்ணில் படவில்லை. நர்ஸம்மாவுக்குப் போன் செய்யலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். காகிதமெல்லாம் சரியாக இருக்கும்போது என்ன கேட்பது. பச்சைச் சீட்டு ஒன்றைக் குப்பியில் கட்டினாள்.

பதினாலு நாள் சாப்பிட்டாள். முள் அசைந்தது, மூன்று கிலோ இறங்கியது. மாத்திரையாலா, நடையை ஒரு மணியிலிருந்து இரண்டு மணியாக்கியதாலா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

எட்டாவது வாரம் ஆஸ்பத்திரியில் குடும்பமே வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. நாத்தனார்கூட வந்திருந்தாள். சிவப்புச்சீட்டை மட்டும் நர்ஸம்மா அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"கொழுப்பு நூத்துக்கு எட்டு. இந்த எட்டு வாரத்துல இவ்வளவு குறைச்ச ஆளை நான் பார்த்ததில்லை."

அவள் கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

"இருங்க. ரத்தத்துல ஈரல் என்ஸைம் இருநூத்தி நாப்பது இருக்கு. நாப்பதுக்குள்ள இருக்கணும். போன தடவை முப்பதுதான் இருந்துச்சு. உங்க ஈரல் எதனாலயோ வீங்கிப்போயிருக்கு. இந்த நிலைமையில எந்த டாக்டரும் கத்தி வைக்கமாட்டார். என்ன சாப்பிட்டீங்க?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கைப்பையைத் திறந்து குப்பியை எடுத்து வைத்தாள். சான்றிதழையும் எடுத்து வைத்தாள். நர்ஸம்மா பச்சைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"நான் சோதிச்சுப் பாஸ் பண்ணினதுக்கு."

"சான்றிதழ்ல பொய் இல்லைம்மா. சொன்ன சரக்குதான் உள்ள இருக்கு, சுத்தமாத்தான் இருக்கு. அந்தச் சரக்கே சில பேர் ஈரலுக்கு ஆகாது. கோப்பையில குடிக்கற டீ வேற, அதை இப்படி வத்தக் காய்ச்சி அடைக்கறது வேற. சொன்னது உள்ள இருக்கான்னு பார்த்தீங்க. உள்ள போய் அது என்ன செய்யும்னு கேக்கலை. அதுக்குத்தான் என்னைக் கேளுங்கன்னு சொன்னேன்."

பத்தொன்பது வருஷத்து வழக்கம் அந்த மேஜைமேல் கிடந்தது. ரப்பரும் கிரீஸும் பம்புக்குள் போகும். பம்பு கெட்டால் இன்னொரு பம்பு. அவள் அதே கண்ணால் தன் வயிற்றுக்குள் ஒன்றை அனுப்பியிருந்தாள். அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் காது அடைத்தது.

நர்ஸம்மா நாற்காலியை அருகே இழுத்துப்போட்டாள். குரல் இறங்கியது.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நிறுத்தினா பெரும்பாலும் இறங்கிடும், ஆனா வாரக்கணக்காகும். உங்க தம்பி தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்கும் இதுல ஆபத்து இருக்கு. இத்தோட விலகிக்கணும்னு தோணினா தப்பே இல்லை. உங்க உடம்பு ஒத்துக்கலைன்னு மட்டும் நாங்க வெளிய சொல்லிடுவோம். காரணம் சொல்லமாட்டோம். கொடுக்கறவங்க எல்லாருக்கும் இந்த வழி உண்டு. யாரும் உங்களைக் குத்தம் சொல்லமாட்டாங்க."

சிவப்புச்சீட்டு எழுந்து நின்றாள். "என் உடம்பு ஒத்துக்காம இல்லை. எட்டு வாரம் நான் சொன்னதையெல்லாம் கேட்டுது. நான்தான் அதுக்குக் கண்டதைப் போட்டேன். பழியை அதுமேல போடாதீங்க. எத்தனை வாரம்?"

"மூணு, நாலு."

"நாலு வாரம் கழிச்சு வரேன். அதுவரைக்கும் அவனைப் பிடிச்சு வெச்சுக்கறது உங்க வேலை."

கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு அவளே வந்தாள். எல்லாரும் எழுந்தார்கள். நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: கொழுப்பு இறங்கிவிட்டது, ஆனால் யாரையும் கேட்காமல் ஒரு மாத்திரை சாப்பிட்டேன், அது ஈரலைக் கெடுத்துவிட்டது, தேதி தள்ளிப்போகிறது. தம்பி பெண்டாட்டி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஊரெல்லாம் கொண்டுவந்ததை வேண்டாம்னு தள்ளினீங்களே அண்ணி. அவ்வளவு பேசினீங்களே. அவர் உசுரு உங்க மாத்திரையில போகணுமா?"

"ஆமா, என் தப்புதான்" என்றாள். அவ்வளவு பெரிய வாய்க்கு அன்று அதற்குமேல் வார்த்தை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் எழுந்து "நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்று தழுதழுத்தார். "வாங்கினது நீங்க, சாப்பிட்டது நான். உக்காருங்க" என்று அவரை உட்காரவைத்தாள்.

நாத்தனார் அந்த நேரம் பார்த்துத் தொண்டையைக் கனைத்தாள். "அன்னிக்கே என் பொடியைச் சாப்பிட்டிருந்தா..."

"அண்ணி, அந்தப் பொடியை நீங்க சாப்பிடறீங்களா?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஈரல் நல்லா இருக்கே."

"நல்லாத்தான் இருக்கும், சாப்பிடாம இருக்கறதால. நான் ஒரு தப்புப் பண்ணினேன்னு நீங்க விக்கறது மருந்தாயிடாது. உங்களுக்குக் கீழ இருக்கற அந்த ஏழு பேரையும் ரத்தம் சோதிச்சுக்கச் சொல்லுங்க. சொல்றீங்களா, இல்லை நானே போய்ச் சொல்லட்டுமா?"

நாத்தனார் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவப்புச்சீட்டு ஏழு வீட்டுக்கும் நடந்தே போனாள். எப்படியும் நடக்க வேண்டியிருந்தது. நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் அவளையே திட்டினார்கள். உன் மாத்திரைக் கதை எங்களுக்கும் தெரியும் என்றார்கள். "தெரியும்ல, அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று அங்கேயே நின்றாள். இரண்டு வீட்டில் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

முதல் வாரம் அவளுடைய என்ஸைம் நூற்று முப்பத்தொன்று. இரண்டாம் வாரம் எழுபது. தம்பியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்; நீரை இறக்கினார்கள், ரத்தம் ஏற்றினார்கள், ஒரு காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆட்டிப்படைத்துவிட்டுப் போனது. அந்த மூன்று நாளும் அவள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது, வராந்தாவில் உட்கார்ந்தால் தம்பி பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் திருப்பிக்கொள்வதில் நியாயமும் இருந்தது. மதியம் சுற்றுச்சுவரை ஒட்டி நடக்கும்போது, அவன் செத்துப்போனால் இந்தச் சுவரைச் சுற்றி எத்தனை வருஷம் நடந்தாலும் இது தீராது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படித் தோன்றியபோதெல்லாம் இன்னும் வேகமாக நடந்தாள்.

மூன்றாம் வாரம் நாற்பத்தாறு. நாலாம் வாரம் முப்பத்திரண்டு.

தள்ளுவண்டியில் படுக்கவைத்து அவளை உள்ளே கொண்டுபோன காலையில் தம்பி பெண்டாட்டி கிட்டே வந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுப் போனாள்.

பதினோரு மணி நேரம். வெளியே வீட்டுக்காரர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஆறாம் நாள் அவள் ஒரு கையில் வயிற்றுக் குழாயின் பையையும் இன்னொரு கையில் சுவரையும் பிடித்துக்கொண்டு, வார்டின் அந்தக் கோடியில் இருக்கும் தம்பி அறைக்குக் கிளம்பினாள். நர்ஸம்மா பின்னாலேயே வந்தாள். "கொஞ்சம் நடங்கன்னுதான் சொன்னேன். இவ்வளவு தூரம் நடங்கன்னு சொல்லலை." "வேண்டாம்னும் சொல்லலையே" என்றாள் இவள். ஒவ்வொரு அடிக்கும் வயிறு கிழிந்து மறுபடி தைப்பதுபோல வலித்தது.

தம்பி கண் விழித்துக் கிடந்தான். எழுந்து உட்காரவே மாட்டேனென்று இரண்டு நாளாக அடம் பிடிக்கிறானாம், வலிக்குப் பயம். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. வலிக்காம இருக்குமா?"

"நான் வேண்டாம்னு சொன்னேன்ல. அன்னிக்கே சொன்னேன். உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" அவன் அழுதான். அழுதால் தையல் வலிக்கும், அதனால் சத்தமில்லாமல் அழுதான்.

கூட உட்கார்ந்து அழுவதற்காக அவள் இவ்வளவு தூரம் வரவில்லை. குழாய்ப் பையைக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு, காலியான கையை அவன் பக்கம் நீட்டினாள்.

"சொன்னே. நான் கேக்கலை. இனிமேலும் கேக்கப்போறதில்லை. எந்திரிடா, நடக்கணும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து எழுந்தான்.